சாவியைத் திருப்பினால் ஒரு நாள் ஸ்டார்ட் ஆகிறது, மறுநாள் ஆவதில்லை

சிறு பிஸ்டன் விமானங்களில் விட்டு விட்டு வரும் ஸ்டார்ட்டிங் கோளாறுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மெக்கானிக் வந்து பக்கத்தில் நின்றால் முதல் திருப்பிலேயே என்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடும். அதனால்தான் முதலில் பேட்டரி, பிறகு ஸ்டார்ட்டர், கடைசியில் மேக்னெட்டோ (ஸ்பார்க்குக்கான மின்சாரத்தைத் தானே உண்டாக்கும் கருவி) என்று ஒவ்வொன்றாக மாற்றிய பிறகும் பழைய மக்கர் அப்படியே இருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும்போது அளந்த அளவுகளால் இங்கே பயனில்லை. மக்கர் பண்ணும் நிமிடத்தில் என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். புரொப்பல்லர் சுற்றியதா? சுற்றியதென்றால் வழக்கமான வேகத்திலா, இழுத்து இழுத்தா? என்ஜின் ஆறியிருந்ததா, இறங்கி அரை மணி நேரம்தான் ஆகியிருந்ததா? ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் இதை ஒரு வரியில் குறித்து வைக்கும் விமானி மெக்கானிக்குக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்துகிறார்.

எதையும் தொடுவதற்கு முன் ஒன்று. மேக்னெட்டோவுக்குப் பேட்டரி தேவையில்லை. அதை அணைத்து வைப்பது சுவிட்சிலிருந்து வரும் பி-லீட் என்ற ஒரே ஒரு வயர்தான். அது அறுந்திருந்தால் சாவி உங்கள் பாக்கெட்டில் இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். புரொப்பல்லரைக் கையால் திருப்புகிற வேலை என்றால் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எரிபொருள் வால்வை மூடி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிளக்கையாவது கழற்றிவிட வேண்டும்.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்து எதுவும் சுற்றவில்லை, அல்லது மந்தமாகச் சுற்றுகிறது என்றால் பார்க்க வேண்டிய இடம் கரண்ட் போகும் பாதை. பேட்டரி, மாஸ்டர் காண்டாக்டர் (சுருளில் கரண்ட் வந்ததும் மூடிக்கொள்ளும் பெரிய சுவிட்ச்), ஸ்டார்ட்டர் காண்டாக்டர், ஸ்டார்ட்டர், அங்கிருந்து என்ஜினை விமான உடலோடு இணைக்கும் எர்த் பட்டை வழியாகத் திரும்பப் பேட்டரி. இந்த வட்டத்தில் சுமார் 200 ஆம்பியர் ஓடும்போது ஏதோ ஒரு இணைப்பில் 5 மில்லி ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் அங்கேயே போய்விடும். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் அந்த 5 மில்லி ஓம் தெரியவே தெரியாது, 'பூஜ்யம், எல்லாம் சரி' என்று காட்டும். எனவே தடையை அளக்காதீர்கள். கிராங்க் செய்யும்போது, அதாவது ஸ்டார்ட்டர் என்ஜினைச் சுற்றும்போது, ஏற்படும் வோல்டேஜ் இழப்பை அளங்கள்.

மிக்சரை (எரிபொருள்-காற்றுக் கலவைக்கான பிடி) எரிபொருளை அடைக்கும் ஐடில் கட்-ஆஃப் நிலையில் வைத்து, எரிபொருள் வால்வை மூடி, பிரேக் போட்டு, மீட்டரின் வயர்களை நீளமாக எடுத்து காக்பிட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். புரொப்பல்லர் பக்கம் ஆள் நிற்கவே கூடாது. 12 வோல்ட் விமானத்தில் ஓய்வில் 12.6 காட்டும் பேட்டரி, கிராங்க் செய்யும்போது தன் முனைகளில் 10.5 காட்டுகிறது என்று வையுங்கள். அதே நேரம் ஸ்டார்ட்டர் போல்ட்டுக்கும் ஸ்டார்ட்டர் உடம்புக்கும் இடையே 8.5தான் இருந்தால், 2 வோல்ட் வழியில் காணாமல் போகிறது, பேட்டரியின் மேல் குற்றமில்லை. மாறாக, பேட்டரி முனைகளிலேயே 8க்கு இறங்கினால் பேட்டரி சோர்ந்திருக்கிறது, அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கிறது.

வழியில் போகிறதென்றால் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஸ்டார்ட்டர் காண்டாக்டரின் இரண்டு பெரிய போல்ட்டுகளில் மீட்டரை மாட்டினால் முதலில் பேட்டரி வோல்டேஜ் முழுதும் தெரியும், அது இயல்பு. காண்டாக்டர் மூடியதும் 0.2 வோல்ட்டுக்குக் கீழே விழ வேண்டும். பத்து தடவை போட்டுப் பாருங்கள். ஒன்பது தடவை 0.1 காட்டிவிட்டு ஒரு தடவை 1.5 காட்டினால் உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கிறது. காண்டாக்டர்களில் ஒரு சிக்கலும் உண்டு. மாஸ்டருக்கானது தொடர்ந்து இயங்கும் வகை, ஸ்டார்ட்டருக்கானது சில நொடிகளுக்கான வகை. வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். மாற்றிப் போட்டால் மாஸ்டர் இடத்தில் இருப்பது சூடேறிச் செத்துப்போகும். பார்ட் எண்ணைப் படித்துத்தான் மாட்ட வேண்டும்.

அதிகம் மறக்கப்படுவது எர்த் பட்டை. என்ஜின் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் கரண்ட்டைக் கடத்தாது. பட்டை அரித்தோ தளர்ந்தோ போனால் ஸ்டார்ட்டர் கரண்ட் திராட்டில் கேபிள், மிக்சர் கேபிள் வழியாகப் போகப் பார்க்கும். ஸ்டார்ட் செய்த பிறகு மிக்சர் கேபிள் சூடாக இருந்தாலோ, இழுக்கும்போது சிக்கினாலோ நேராகப் பட்டையைப் பாருங்கள். பழைய பைப்பர் செரோக்கிகளில் அலுமினிய பேட்டரி கேபிள்கள் வேறு இருந்தன. கேபிளை முனையோடு நசுக்கிப் பிடித்த இடத்துக்குள் ஆக்சைடு படிந்து, சூடானால் தடை ஏறும். அவற்றைச் செம்புக்கு மாற்றுவதே நல்லது.

சாவி சுவிட்சும் இந்தப் பாதையில் சேர்ந்ததுதான். காண்டாக்டர் சுருளை அணைக்கும் ஒவ்வொரு முறையும் எழும் வோல்டேஜ் எழுச்சி சுவிட்ச் காண்டாக்டைப் பொறி விட்டுக் கருக்கும். அதைத் தடுக்கச் சுருளின் குறுக்கே ஒரு டையோடு வேண்டும், கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம்.

மோட்டார் விர்ரென்று சுற்றியும் புரொப்பல்லர் நகரவில்லையா? ஸ்டார்ட்டரின் பல்சக்கரத்தை என்ஜினோடு கோக்கும் பெண்டிக்ஸ் டிரைவில் அழுக்கு. கழுவிக் காயவைத்து, தயாரிப்பாளர் சொன்ன உலர் லூப்ரிகன்ட்டை மட்டும் போடுங்கள். எண்ணெய் போட்டால் தூசி ஒட்டிக்கொண்டு இரண்டே மாதத்தில் அதே கதை.

புரொப்பல்லர் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் என்ஜின் பற்றவில்லை என்றால் கதை வேறு. இதில் ஒரு அடையாளம் தங்கம் மாதிரி: சாவியை ஸ்டார்ட்டில் பிடித்திருக்கும்வரை பற்றாது, விட்டவுடன் குபுக்கென்று பற்றிக்கொள்ளும். பெரும்பாலான என்ஜின்களில் இடது மேக்னெட்டோவில் மட்டும் இம்பல்ஸ் கப்ளிங் இருக்கும். அது ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தி, பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது விடுகிறது. ஸ்டார்ட் நிலையில் வலது மேக்னெட்டோவைச் சுவிட்சின் பின்னால் உள்ள ஒரு ஜம்பர் வயர் எர்த் செய்து அணைத்துவிடும். சாவியை விட்டதும் வலது மேக்னெட்டோ விடுதலையாகிறது, இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் என்ஜின் அதன் தயவில் பற்றுகிறது. ஆக, ஸ்டார்ட்டில் இடது மேக்னெட்டோ வேலை செய்யவில்லை. ஜம்பரையே எடுத்துவிட்டு 'இப்போது நன்றாக ஸ்டார்ட் ஆகிறது' என்று சொல்பவர்கள் உண்டு. வலது மேக்னெட்டோ உச்சிக்கு 20 முதல் 25 டிகிரி முன்பே ஸ்பார்க் விடுவது. கிராங்க் வேகத்தில் அது பின்னுதை கொடுத்து ஸ்டார்ட்டரின் மூக்கை உடைத்துவிடும்.

இம்பல்ஸ் கப்ளிங்கைக் காதாலேயே சோதிக்கலாம். மேலே சொன்ன முன்னெச்சரிக்கைகளோடு புரொப்பல்லரை இயல்பான திசையில் மெதுவாகத் திருப்புங்கள். நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு 'டக்' கேட்க வேண்டும். இருபது சுற்றில் ஒன்றிரண்டு தவறினால் கப்ளிங்கின் கொக்கிகள் (pawl) எண்ணெய்க் கசடில் ஒட்டுகின்றன, அல்லது காந்தமேறியிருக்கின்றன. மேக்னெட்டோவைக் கழற்றித்தான் ஆக வேண்டும், 500 மணி நேர ஆய்வு எப்போது நடந்தது என்றும் லாக் புத்தகத்தில் பாருங்கள். பிளக்குகளையும் அப்போதே பார்த்துவிடலாம். இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ., உள் ரெசிஸ்டர் 5,000 ஓமைத் தாண்டினால் தூக்கி எறியலாம்.

இலகு விமானங்களில் வரும் ரோட்டாக்ஸ் 912 என்ஜின் வேறு சாதி. அதன் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு கிராங்க் ஷாஃப்ட் சுமார் 220 ஆர்பிஎம் சுற்றினால்தான் ஸ்பார்க் வரும். அதனால் சோர்ந்த பேட்டரி அங்கே 'சுற்றுகிறது, பற்றவில்லை' என்று வேஷம் போடும். சோக் இழுத்துவிட்டுத் திராட்டிலையும் திறந்தால் சோக்கே வேலை செய்யாது, திராட்டில் மூடியிருக்க வேண்டும்.

சரிசெய்த பிறகு ஆறிய என்ஜினில் ஒருமுறை ஸ்டார்ட் ஆனதை வைத்து லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அணைத்த பின் கவ்லிங்குக்குள் (என்ஜின் மூடிக்குள்) காற்றோட்டம் நின்று வெப்பம் இன்னும் ஏறும். அரை மணி நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் என்ஜின் பற்றியதும் கண் ஆம்மீட்டரிலும் ஸ்டார்ட்டர் விளக்கிலும் இருக்கட்டும். வோல்டேஜ் குறைவால் படபடத்த காண்டாக்டர் சில நேரம் உள்ளே ஒட்டிக்கொள்ளும். சாவியை விட்ட பிறகும் விளக்கு எரிந்தால் உடனே மாஸ்டரை அணைத்து மிக்சரை இழுத்து என்ஜினை நிறுத்துங்கள்.