பூசத்து முருகனும் நவம் யானைகளும்

சில வருடங்களில் தைப்பூசமும், பௌத்தர்களின் பெப்ரவரிப் பௌர்ணமியான நவம் போயாவும் ஒரே நாளிலோ அடுத்தடுத்த நாட்களிலோ வந்துவிடும். அந்த வருடங்களில் கொழும்புக்கு இரட்டைத் திருவிழா. காலையில் செட்டியார் தெருக் கதிரேசனுக்குப் பாலபிஷேகம், இரவில் பேரை வாவிப் பக்கம் கங்காராம விகாரையின் பெரஹெரா, அதாவது யானை ஊர்வலம். இரண்டையும் பார்த்துவிடுவோம் என்று பெரியம்மாதான் சொன்னார். அவருக்கு முழங்கால் வலி. ஆனால் கோயில் என்றால் அந்த வலி எங்கே போகுமோ தெரியாது.

செட்டியார் தெருவில் நகைக்கடைகள் திறக்கும் முன்பே கூட்டம் சேர்ந்துவிட்டது. பூ, கற்பூரம், ஈரத் தரை, எங்கள் பக்கத்தில் நின்ற ஒரு குழந்தையின் விடாத அழுகை. தீபாராதனை முடிந்து திருநீறு வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். பெரியம்மா படியில் உட்கார்ந்து வள்ளி கதையை எடுத்தார். கிழவனாக வந்த முருகனை வள்ளி விரட்ட, அண்ணன் பிள்ளையார் யானையாக வந்து பயமுறுத்தி அவளைத் தம்பியிடம் ஓடவைத்தார் அல்லவா? "அது நடந்தது வேறெங்கே, எங்கட கதிர்காமத்திலதான்" என்பது பெரியம்மாவின் தீர்ப்பு. நானும் மறுக்கவில்லை. யோசித்தால் முருகனைச் சுற்றி யானைகள் நிறையத்தான். அவருடைய யானைக்குப் பிணிமுகம் என்று பெயர். தெய்வானையை வளர்த்ததே ஐராவதம்தான். இத்தனை இருந்தும் இந்த நகரத்தில் நம் கோயில்களில் சுவாமி யானையில் புறப்பட்டால், அது பெரும்பாலும் மரத்தில் செய்த யானை வாகனம்தான். அதைத் தோளில் தூக்குபவர்களுக்கு வியர்க்கும், வாகனத்துக்கு வியர்க்காது. எந்த அடியாரும் உயிருள்ள யானை இல்லையே என்று குறைப்பட்டு நான் கேட்டதில்லை.

மாலையில் ஓட்டோ பாதி வழிதான் போனது. மீதியை நடந்தோம். நவம் பெரஹெரா 1979 இல் தொடங்கியது. கண்டிப் பெரஹெராவோடு ஒப்பிட்டால் சின்ன வயதுதான், ஆனாலும் அழகுக்குக் குறைவில்லை. சாட்டையடிப்பவர்கள் முன்னே வர, தீப்பந்தங்கள், பறைகள், கண்டிய நடனம், பிறகு வரிசையாக யானைகள். மின்குமிழ்கள் மினுங்கும் பட்டுப் போர்வை தும்பிக்கை வரைக்கும் தொங்கியது. பெரியம்மா கைகூப்பி "பிள்ளையாரப்பா" என்றார். எனக்கும் கை தானாகக் கூடியது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

கூப்பிய கையோடு நான் பார்த்தது யானையின் கால்களை. யானைக்கு வியர்வை கிட்டத்தட்ட இல்லை. உடம்புச் சூட்டைத் தணிக்க அது நம்பியிருப்பது காதுகளை. திருவிழாப் போர்வை மூடுவதும் அந்தக் காதுகளைத்தான். பக்கத்திலேயே பந்தம், கீழே பகலெல்லாம் வெயில் குடித்த தார் ரோடு. காட்டில் மண்ணிலும் புல்லிலும் நடக்கும் பாதம் சிமெந்திலும் தாரிலும் தேய்ந்து வெடிக்கும், நகத்தடியில் சீழ் கட்டும். கட்டிவைத்து வளர்க்கும் யானைகளைக் கொண்டுபோகும் நோய்களில் பாத நோய் முக்கியமானது. சங்கிலியில் நின்றபடி அவை இடமும் வலமுமாக ஆடுவதைப் பார்த்து, தாளத்துக்கு ஆடுகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். மிருக வைத்தியர்கள் அதை மன அழுத்தத்தின் அடையாளம் என்கிறார்கள்.

2019 இல் கண்டிப் பெரஹெராவுக்கு அழைத்துவரப்பட்ட திக்கிரியை மறந்திருக்க மாட்டீர்கள். எழுபது வயதுப் பெண் யானை. போர்வையை எடுத்த பிறகு எலும்பு எண்ணலாம் போலிருந்த அந்தப் படம் உலகமெல்லாம் சுற்றியது. அதே வருடம் செப்டெம்பரில் அது செத்துப்போனது. போர்வைக்கு மேலே பார்த்தவர்கள் கும்பிட்டார்கள். அவர்களில் ஒருவராக நானும் இருந்திருக்கக்கூடும்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் வளர்ப்பு யானைகளுக்கான விதிகள் வர்த்தமானியில் வந்தன. தினமும் இரண்டரை மணி நேரம் குளிப்பாட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைத்தியப் பரிசோதனை. ஒவ்வொரு யானைக்கும் மரபணுப் பதிவோடு அடையாள அட்டை. குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கவோ ஊர்வலத்துக்குக் கொண்டுவரவோ கூடாது. மரம் இழுக்கும் வேலை நாளுக்கு நான்கு மணி நேரம்தான், இரவில் கூடவே கூடாது. பாகன் வேலையில் இருக்கும்போது குடிக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியைப் படித்து ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரவு பகல் யானையோடு கிடந்து சொற்பச் சம்பளம் வாங்கும் மனிதனை மட்டும் குற்றவாளியாக்கி, கௌரவத்துக்கு யானை வாங்கும் முதலாளியை விட்டுவிடுவது நமக்கு வசதி. பாகனுக்கு ஒழுங்கான சம்பளம், பயிற்சி, முறைவைத்து ஓய்வு இல்லாமல் யானைக்கு மட்டும் நல்லது எப்படி நடக்கும்?

கொழும்புக்காரர்கள் கிட்டத்தில் பார்த்த கதை முத்துராஜாவுடையது. 2001 இல் தாய்லாந்திலிருந்து பரிசாக வந்து, ஒரு விகாரையில் வளர்ந்தது. முன்னங்கால் ஒன்று விறைத்து, உடம்பில் சீழ்க்கட்டிகளோடு 2022 இன் கடைசியில் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கு வந்து சேர்ந்தது. ஒருகாலத்தில் பின்னேரங்களில் யானைகளை ஆடவைத்துக் காட்டிய அதே இடத்தில் இதற்கு மருந்து போட்டார்கள். 2023 ஜூலை 2 ஆம் தேதி, நான்கு தொன் உடம்போடு கட்டுநாயக்காவில் விமானம் ஏறித் தாய்நாடு போனது. அதன் தாய்லாந்துப் பெயர் சக் சுரின்.

கூட்டம் கலைந்து திரும்பும்போது பெரியம்மா திடீரென்று, "பிள்ளை, பிள்ளையார் கையில இருக்கிறதும் அங்குசம்தானே?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப அது யானையின்ட கையிலதானே இருக்கு. மனிசன்ட கையில இல்லையே." அதற்கு என்னிடம் பதில் இல்லை, தத்துவம் தெரிந்த ஐயர் யாராவது சொல்லட்டும்.

யானையின் வயிற்றுக்குக் கீழே பிள்ளைத்தாய்ச்சிகள் நுழைந்துபோனால் சுகப்பிரசவம் என்று இங்கே ஒரு நம்பிக்கை உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் அதையும் கேட்பார்கள், யானைச் சவாரியும் கேட்பார்கள். இப்போது என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒரே வழி. கதிர்காமத்துக்கு இரத்தினபுரி, எம்பிலிப்பிட்டி வழியாகப் போங்கள், கொஞ்சம் விலகினால் உடவளவை. அங்கே தாயை இழந்த குட்டிகளுக்கு 1995 முதல் பால் கொடுத்து வளர்க்கிறார்கள். தொடவும் விடமாட்டார்கள், ஏறவும் விடமாட்டார்கள், தள்ளி நின்று பார்க்கத்தான் முடியும். வளர்ந்ததும் குட்டிகளைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பால் கொடுக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் வேலியை மட்டும் பார்த்துவிட்டு வரவேண்டியிருக்கும். அப்புறம் மாலைப் பூசைக்குக் கதிர்காமம் போய்ச் சேரலாம்.