வெறும் லொறி திரும்பக் கூடாது

எங்கள் முதல் லொறி ஒரு பழைய பெட்போர்ட். தம்பலகாமத்தில் நெல் ஏற்றும் ஒரு முதலாளியிடம் அப்பா கிளீனராக நின்று, பிறகு அதே லொறிக்கே டிரைவர் ஆனவர். 1980இல் சீனக்குடாவில் பிறிமா கோதுமை மா ஆலை ஓடத் தொடங்கியதும் திருகோணமலையில் லொறிக்குக் கிராக்கி வந்தது. முதலாளி புதிது எடுத்தார். பழையதை அப்பாவிடம் கொடுத்து, காசைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டச் சொன்னார்.

மா ஏற்றுவது லேசான வேலை இல்லை. ஓரத்தில் ஈரம் பட்டாலே மூட்டைக்குள் மா கட்டிபட்டுவிடும். கடைக்காரர் இறக்க விடமாட்டார், நட்டம் லொறிக்காரனுக்கு. மாரி காலத்தில் கந்தளாய் தாண்டுமுன்னே மழை பிடிக்கும். மூட்டைகளை மூடப் படங்கு (தார்ப்பாய்) இரண்டு போட்டால் முன்படங்கு பின்படங்கின் மேலே கிடக்க வேண்டும். மாறிக் கிடந்தால் காற்று உள்ளே புகுந்து மழையையும் கூட்டிக்கொண்டு வரும். கிழிந்த படங்கை முற்றத்தில் விரித்துப்போட்டுச் சாக்கூசியால் தைத்தவர் அம்மா. அவர் தைத்த இடத்தில் ஒழுகியதாக அப்பா சொன்னதே இல்லை.

ஆனால் லொறித் தொழிலில் காசு போகிற வாடகையில் இல்லை, வருகிற வாடகையில்தான். கொழும்புக்கு ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று 250 கிலோமீற்றருக்கு மேல். திரும்பி வெறும் லொறியாக வந்தால் உழைத்தது டீசலோடு சரி. அந்தக் கவலையைத் தீர்த்தவர் கிண்ணியா முஸ்லிம் வியாபாரி ஒருவர். அப்பா அவரைக் 'காக்கா' (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவார்.

"தம்பி, மாவ இறக்கிப்போட்டு நேரே கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவுக்கு வாங்க. என்ட வெங்காயமும் கிழங்கும் கிடக்கும்."

யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் முழு லோட்டையும் இறக்கி ஏற்ற வேண்டும். மூட்டை சுமக்கும் நாட்டாமைக் கூலி இரட்டிப்பாகும், வெங்காயம் வெயிலில் கிடந்து அழுகும். அந்த நட்டத்தில் பாதியை ஒவ்வொரு முறையும் காக்கா தானே ஏற்றார். ஊரில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் பயந்து பார்த்த நாட்களிலும் அந்தக் கணக்கு நிற்கவில்லை. எங்கள் கம்பனியை வளர்த்தது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். லீசிங்கும் வங்கியும் அதற்குப் பிறகு வந்தவை.

கிண்ணியாத் துறையில் பாதை (வாகனம் ஏற்றும் மிதவைப் படகு) ஓடிய காலத்தில் சாமான் அக்கரை சேர லொறி வரிசையில் காத்துக் கிடக்கும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் பாலம் திறந்தார்கள். அதற்குப் பிறகுதான் இரண்டாவது, மூன்றாவது லொறி வந்தது. மூதூர்ப் பக்க நெல்லும் எங்கள் கைக்கு வந்தது.

2022 ஜூனில் டீசல் லீற்றர் 460 ரூபாய்க்குப் போனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. லொறிகள் வீட்டு வாசலில் நின்றன. டிரைவர்மாருக்குச் சம்பளம் நிறுத்தக் கூடாது என்று அப்பா பிடிவாதமாக நின்றார். அம்மாவும் அப்படியே. தம்பிக்கும் எனக்கும் அது பெரிய பாரமாகத்தான் இருந்தது, ஆனாலும் கொடுத்தோம். ஒருவர்கூட விட்டுப் போகவில்லை. இந்த வருசம் எடுக்கிற புது லொறியை அவர்களில் மூத்தவர்தான் ஓட்டப்போகிறார். கொழும்பிலிருந்து அதற்கு வருகிற முதல் லோட்டைக் காக்காவின் மகன் இப்போதே பேசி வைத்திருக்கிறார்.