இரண்டாவது குழல்

அமெரிக்காவில் மொன்டானாவில் இருக்கும் என் அக்கா மகன் போட்டோ அனுப்பியிருந்தான். முதுகில் பை, கையில் ரைஃபிள், நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு உறை, அதற்குள் 10 எம்எம் பிஸ்டல். எல்க் மான் வேட்டைக்குப் போகிறானாம். "கையிலதான் ரைஃபிள் இருக்கே மாப்ளே, நெஞ்சுல எதுக்கு இன்னொண்ணு?" என்று கேட்டேன். "அது கரடிக்கு மாமா. ராத்திரி பன்னிக்குப் போறீங்களே, நீங்களும் ஒரு ரிவால்வர் வச்சுக்கலாம்ல?" என்றான்.

அவன் சொன்ன காரணம் அந்த ஊருக்குச் சரிதான். எல்க் என்பது முந்நூறு கிலோ வரும் மிருகம். முழுசாகத் தூக்கி வர முடியாது, விழுந்த இடத்திலேயே அறுத்துக் கூறு போட வேண்டும். மணிக்கணக்கில் ஆகும். ரைஃபிள் பக்கத்து மரத்தில் சாய்ந்திருக்கும், இரண்டு கையும் ரத்தத்தில் இருக்கும். குளிர்காலத் தூக்கத்துக்கு முன்னால் கிரிஸ்லி கரடி கண்டதையும் தின்று கொழுக்கிற பருவமும் அதுவே. குடல் வாடைக்கு வந்து நிற்கும். அந்த நேரத்தில் ஒரு கையால் உருவக்கூடியது உடம்பிலேயே இருக்க வேண்டும். இடுப்பில் வைத்தால் பையின் பட்டை மறைத்துவிடும், அதனால்தான் நெஞ்சில்.

கூடவே மிளகாய்க் காரம் அடிக்கும் ஸ்ப்ரேயும் வைத்திருக்கிறான். எனக்கு அதன் மேல்தான் நம்பிக்கை. அலாஸ்காவில் நடந்த கரடி மோதல்களைத் தொகுத்து 2008-இல் ஓர் ஆய்வு வந்தது. பழுப்புக் கரடிகள் (கிரிஸ்லியும் அந்த இனம்தான்) மேல் ஸ்ப்ரே அடித்ததில் நூற்றுக்கு 92 தடவை கரடி நிறுத்திக்கொண்டதாம். துப்பாக்கியைப் பற்றி அதே ஆட்கள் 2012-இல் எழுதியதில், துப்பாக்கி வைத்திருந்தவர்களில் சுட்டவனுக்கும் சுடாதவனுக்கும் காயத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பாய்ந்து வரும் மிருகத்தின் மேல் குறி பார்ப்பது லேசுப்பட்ட காரியமா?

சரி, நம் கதைக்கு வருவோம். எனக்கு இடுக்கி வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய்க் காடு, ஓரத்தில் கொஞ்சம் கப்பை, அதாவது மரவள்ளி. வேட்டை 1972 வனவிலங்குச் சட்டத்தோடும் அதன் 1991 திருத்தத்தோடும் போயிற்று. நான் போவது வேட்டை இல்லை. 2022-இல் கேரள அரசு பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே அதிகாரம் கொடுத்தது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட அவர் அனுமதி தருவார், பட்டியலில் இருக்கும் லைசென்ஸ்காரன் போய்ச் சுடுவான். கண்ணி, வெடி, விஷம், கரண்ட் எதுவும் கூடாது. கறியைத் தொடக் கூடாது, புதைத்துவிட வேண்டும். ஆக, மரத்தில் துப்பாக்கியைச் சாய்த்துவிட்டு அறுக்க உட்காரும் அந்த நேரமே எனக்குக் கிடையாது.

ரிவால்வருக்கு லைசென்ஸ் கேட்டு அலைய எனக்குப் பொறுமையும் இல்லை. தேர்தல் என்றால் இருக்கிற துப்பாக்கியையே ஸ்டேஷனில் கொண்டுபோய் வைக்கிறோம். கிடைத்தாலும் நமக்குக் கைக்கெட்டுவது பெரும்பாலும் .32 என்கிற சின்னக் குண்டு போடும் ரிவால்வர்தான். ஆண் பன்றிக்குத் தோள்பட்டை மேல் கேடயம் மாதிரி ஒரு தடித்த தோல் உண்டு. அதன் மேல் .32 பட்டால் அதற்குக் கோபம்தான் வரும்.

என்னுடையது பன்னிரண்டு போர் (12 bore) இரட்டைக்குழல் துப்பாக்கி, குழலுக்கு ஒரு விசை. வலது குழலில் எல்ஜி, அதாவது பெரிய ஈய உருண்டைகள் சில உள்ள தோட்டா. இடதில் பால் (ball), அதாவது ஒரே ஒரு பெரிய குண்டு. எல்ஜி பன்றிக்கு, பால் எனக்கு. முதல் வெடியில் பன்றி விழுந்தால், எழுந்தால், ஓடினால்கூட இடது குழலை உடனே தொட மாட்டேன். மாப்பிள்ளையின் நெஞ்சில் தொங்குவது எனக்கு அந்தக் குழலில் இருக்கிறது.

விழுந்த பன்றியிடம் போகும் முறைதான் முக்கியம். முகத்துப் பக்கம் போகவே கூடாது. முதுகுப் பக்கமாக, மேட்டிலிருந்து இறங்கிப் போவேன். கூட வரும் சேட்டன் எனக்கு வலப்பக்கம், அரை அடி பின்னால் நின்று டார்ச்சைப் பன்றியின் கண்ணில் பிடிப்பார். கண் திறந்து, வெளிச்சத்துக்கு அசையாமல் கண்ணாடி போல இருந்தால் முடிந்தது. கண் மூடியிருந்தால் உயிர் இருக்கிறது. பிடரி மயிர் சிலிர்த்து நின்றால் அங்கேயே நின்றுவிடுவேன். கடைசியாக நீளக் கம்பால் கண்ணைத் தொட்டுப் பார்ப்பது. அதுவரை என் விரல் இடது குழலின் விசைக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

சட்டமும் ஒன்று சொல்கிறது. தன் உயிரையோ அடுத்தவர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தில் காட்டு மிருகத்தைக் கொன்றால் குற்றமில்லை. ஆனால் அந்த நேரத்தில் சட்டத்தை மீறி ஏதாவது செய்துகொண்டிருந்தவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவதே தப்பு. பெரியாறு காடு இங்கிருந்து தூரமில்லை. அதனால் காயம்பட்ட பன்றி எல்லைக்கல்லைத் தாண்டிவிட்டால் நான் பின்னால் போவதில்லை, வனத்துறைக்குப் போன் போடுவதோடு சரி.

யானைக்கு இதில் எந்தக் குழலும் உதவாது. மேட்டுப் பக்கம் ஆனை இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தால், அன்றைக்குப் பன்றி கப்பையைத் தின்றுவிட்டுப் போகட்டும் என்று நான் படுத்துவிடுவேன்.