டாப் ரெண்டு தடவை வரும்: எஞ்சின் கோர்க்கும் செய்முறைத் தேர்வில் நான் மாட்டிய இடம்

ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிக்கிற தம்பிகள் செய்முறைத் தேர்வு நெருங்கினால் கேட்பது ஒன்றுதான். எஞ்சினைப் பிரித்துக் கோர்க்கச் சொன்னால் டைமிங், அதாவது பிஸ்டனும் வால்வும் ஸ்பார்க்கும் ஒன்றுக்கொன்று பொருந்தும் நேரம், எப்படி வைப்பது? இதில் நான் நன்றாக மாட்டிக்கொண்டவன், அதனால் சொல்கிறேன்.

திருமங்கலத்திலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போய்ப் படித்தேன், ஞாயிற்றுக்கிழமை ஊரில் ஒரு பட்டறையில் வேலை. தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அங்கே ஒரு பழைய நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினை நானே கோர்த்தேன், ஸ்பார்க் கரண்டைச் சிலிண்டர் சிலிண்டராக அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த ரகம். கிராங்க் புல்லி மார்க் நேராக நின்றது, பிளக் ஓட்டையில் பார்த்தால் பிஸ்டனும் மேலே. சரி, டாப், அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை, வந்துவிட்டது என்று ஒன்றாம் சிலிண்டர் டேப்பட்டில், அதாவது வால்வு இடைவெளி வைக்கும் இடத்தில், கை வைத்தேன். இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் உள்ளேயே போகவில்லை. அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும், எனக்கு வரவில்லை, ஸ்க்ரூவைத் தளர்த்தி இடைவெளியை நானே உண்டாக்கிவிட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டரையும் ஒன்றாம் நம்பர் வயருக்கு நேராக இறக்கிவிட்டேன். ஸ்டார்ட் பண்ணினால் கார்புரேட்டர் வழியாகப் படார் என்று ஒரு வெடி. பட்டறை அண்ணன் எட்டிப் பார்த்து, "அங்கிட்டும் இங்கிட்டும் பாக்காதடா, நாலாம் நம்பர் வால்வப் பாரு" என்றார்.

விஷயம் இதுதான். ஃபோர் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனோடு இணைந்த கிராங்க் ரெண்டு சுற்று சுற்றினால் வால்வைத் திறக்கும் கேம் ஒரு சுற்று. ஆக பிஸ்டன் ரெண்டு தடவை மேலே வரும். கம்ப்ரஷன் முடிவில் வருவது ஒன்று, அப்போது ரெண்டு வால்வும் மூடியிருக்கும், வால்வை அழுத்தும் ராக்கர் லேசாக ஆடும். எக்ஸாஸ்ட் முடிவில் வருவது இன்னொன்று, அங்கே எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டும் இன்லெட் திறந்துகொண்டும் இருக்கும். நான் வைத்தது இந்த ரெண்டாவதில். 1-3-4-2 ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை) உள்ள எஞ்சினில் ஒன்றும் நாலும் சேர்ந்தே மேலே வரும், நாலாம் நம்பரின் ராக்கர்களில் ஒன்று ஏற ஒன்று இறங்கும் நேரத்தில் ஒன்றாம் நம்பர் ஃபயரிங் டாப்பில் இருக்கும். நம்பிக்கை வராவிட்டால் பிளக் ஓட்டையில் விரலை வைத்துக் கிராங்க்கைச் சுற்றுங்கள், கம்ப்ரஷனில் காற்று விரலைத் தள்ளும்.

இன்னொன்றைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். கிராங்க்கைப் பொறுத்தவரை ரெண்டு டாப்பும் ஒன்றுதான், எது எது என்று முடிவு செய்வது கேம். அதனால் செயின் அல்லது பெல்ட் போடும்போது கிராங்க், கேம் ரெண்டின் மார்க்கும் சரியாக நின்றால் போதும். ஆனால் டேப்பட்டுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் மார்க்கை மட்டும் நம்பக் கூடாது, சில எஞ்சினில் மார்க்குகள் நேருக்கு நேர் நிற்கும்போது ஒன்றாம் நம்பர் எக்ஸாஸ்ட் டாப்பில்தான் இருக்கும்.

இந்த 1-3-4-2 எஞ்சினில் டேப்பட்டை ரெண்டே நிலையில் முடித்துவிடலாம். ஒன்றாம் சிலிண்டர் ஃபயரிங் டாப்பில் நிற்கும்போது ஒன்றின் ரெண்டு வால்வு, ரெண்டின் இன்லெட், மூன்றின் எக்ஸாஸ்ட். கிராங்க்கை முழுசாக ஒரு சுற்று சுற்றிவிட்டு நாலின் ரெண்டு வால்வு, ரெண்டின் எக்ஸாஸ்ட், மூன்றின் இன்லெட். அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள். எக்ஸாஸ்ட்டுக்கு ஏன் பெரும்பாலும் கூடுதல் இடைவெளி என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள்: அது அதிகம் சூடாகி நீளும்.

கீழ்ப்பகுதி வேலை மனப்பாடமாகவே வந்துவிடும். பிஸ்டன் தலையில் உள்ள அம்பு எஞ்சின் முன்பக்கம் பார்க்கணும், ரிங் வாய்கள் (ரிங்குகளின் வெட்டு இடைவெளிகள்) ஒரே நேர்கோட்டில் வரக் கூடாது, கனெக்டிங் ராடும் அதன் கேப்பும் ஜோடி மாறக் கூடாது. கேம் ஹெட்டிலேயே இருக்கும் ஓவர்ஹெட் கேம் ரகம் என்றால் ஹெட்டை இறக்கும் முன் கிராங்க்கைக் கால் சுற்று திருப்பி நாலு பிஸ்டனையும் பாதியில் நிறுத்திக்கொள்ளுங்கள். அப்போதுதான் கேமைத் திருப்பும்போது திறந்த வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடாது.

தேர்வு அன்று வந்த எக்ஸாமினர் மார்க்கைப் பார்க்கவே இல்லை. "கையாலயே ரெண்டு சுத்து சுத்துப்பா" என்றார். சுற்றினேன். ஏன் ரெண்டு என்று கேட்டார். அப்போதுதான் கேம் ஒரு சுற்று முடியும் சார், எல்லா வால்வும் ஒரு தடவை திறந்து மூடும், எங்கேயாவது இடித்தால் கையிலேயே தெரிந்துவிடும், ஸ்டார்ட்டர் அடித்த பிறகு தெரிந்து பிரயோஜனம் இல்லை என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.