கெண்டைக்கால் குறிப்புகள்

ஜூலை 18, வெள்ளி

நேற்று ஆடி பிறந்தது, கடையில் தள்ளுபடியும் கூடவே பிறந்தது. இரவு இரண்டரை மணிக்கு வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இந்த மாதத்தில் இது ஐந்தாவது முறை. தொட்டுப் பார்த்தால் தோலுக்கு அடியில் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்தது போல இருந்தது. கத்தினால் ஒற்றை அறை வீட்டில் நான்கு பேர் எழுந்துவிடுவார்கள். தலையணை உறையைக் கடித்துக்கொண்டேன். எண்ணூர் பக்கம் போகிற கன்டெய்னர் லாரிகளை எண்ணினேன். ஏழாவது லாரியில் பிடி தளர்ந்தது.

அத்தை மட்டும் எழுந்துவிட்டார். "நரம்பு சுருட்டிக்கொண்டதா?" என்று கேட்டபடியே விளக்கெண்ணெயைத் தேய்த்துவிட்டார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் நரம்பு என்றுதான் சொல்வோம். சுருட்டிக்கொள்வது என்னவோ தசை.

ஜூலை 21, திங்கள்

காலையில் நொண்டிக்கொண்டே மெட்ரோ படியில் இறங்கினேன். காலடிப்பேட்டையில் குடியிருந்துகொண்டு கால் வலி என்று சொன்னால் சிரிக்கிறார்கள். உண்மையில் இந்தப் பெயருக்கும் காலுக்கும் சம்பந்தமில்லை. 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் இது. காலெட்பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. அவர்கள் உட்கார்ந்து நெய்தார்கள். நான் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நின்றுகொண்டு விற்கிறேன்.

காலை பத்து முதல் இரவு ஒன்பதரை வரை, டைல்ஸ் தரையில். ஒரு புடவை விற்க இருபது புடவை விரிக்க வேண்டும், இருபதையும் திரும்ப மடிக்க வேண்டும். கழிப்பறை மூன்றாவது மாடியில். அதனால் மதியம் வரை தண்ணீர் குடிப்பதில்லை. எங்கள் செக்ஷனில் யாருமே குடிப்பதில்லை.

ஜூலை 26, சனி

ஆளுக்கொரு வைத்தியம். வாழைப்பழம் சாப்பிடு, வாயில் கல் உப்பைப் போட்டுக்கொள், இளநீர் குடி. எதிர்வீட்டு அக்கா கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். அது வலிப்புக்குச் செய்வது, அதற்கே அது வைத்தியமில்லை. மகன் மெக்னீசியம் மாத்திரை வாங்கி வந்தான். பிறகு அவனே செல்போனில் தேடிப் பார்த்து முகத்தைச் சுளித்தான். வயதானவர்களின் தசைப்பிடிப்பைத் தடுக்க அது பெரிதாக உதவுவதில்லை என்று 2020-ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறதாம். "உனக்கு ஐம்பத்தாறுதானே அம்மா, நீ வயதானவளா இல்லையா?" என்றான். பதில் சொல்லவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு டாக்டரைப் பார்த்தேன். இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீக்கம் பார்த்தார். பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி பார்த்தார். நடக்கும்போது வலித்து, நின்றால் விடுகிறதா என்று கேட்டார். இல்லை. ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம், பிடிப்பு என்று நினைத்து அழுத்தித் தேய்க்காமல் உடனே வர வேண்டும் என்றார்.

அடுத்து என் இரத்த அழுத்த மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். சிறுநீர் அதிகம் பிரியவைக்கும் மருந்து அதில் கலந்திருக்கிறது, அது உப்புச்சத்துகளைக் குறைக்கலாம். "நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் அம்மா" என்று இரண்டு முறை சொன்னார். இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

பிடிக்கும்போது என்ன செய்வது? முழங்காலை நீட்டிப் பாதத்தை முகத்தை நோக்கி மடக்க வேண்டும். கை எட்டாவிட்டால் துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கலாம். இத்தனை நாளும் விரலை எதிர்ப்பக்கம் நீட்டி, பிடிப்பை நானே இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. கூட்டம். எழுதத் தெம்பில்லை. பொட்டாசியம் சற்றுக் குறைவாம், மாத்திரையை மாற்றிவிட்டார்.

ஆகஸ்ட் 6, புதன்

படுக்கும் முன் சுவர்ப் பயிற்சி. கை நீளத் தூரத்தில் நின்று உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முன்னால் சாய வேண்டும். ஆடுசதை இழுபடும்போது அப்படியே சற்று நேரம் நிற்க வேண்டும். 55 வயதைத் தாண்டிய 80 பேரைக் கொண்டு நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2012-இல் வெளியானதாம். ஆறு வாரம் படுக்கும் முன் கெண்டைக்காலையும் பின்தொடையையும் இப்படி நீட்டியவர்களுக்குப் பிடிப்பு குறைந்தது என்று மகன் படித்துச் சொன்னான். எங்கள் வீட்டில் காலியாக இருக்கிற சுவர் பீரோவுக்கும் கதவுக்கும் நடுவில் இரண்டடிதான். "சுவர் விழுந்துவிடும் என்று தாங்குகிறாயா?" என்றார் என் கணவர்.

அத்தை சிரிக்கவில்லை. காசிமேட்டிலிருந்து மீன் கூடை சுமந்து தெருத்தெருவாக விற்றவர். "நடக்கிற காலுக்கு இது வராதம்மா, நிற்கிற காலுக்குத்தான்" என்றார். உங்கள் மகன் வயிற்றில் இருந்தபோது உங்களுக்கும் பிடித்ததாகச் சொல்வீர்களே என்றேன். "அது வேறு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒன்பது நாளில் ஒரே ஒரு முறை. மாத்திரை மாறியதாலா, சுவராலா, தண்ணீராலா? பிரித்துச் சொல்ல முடியவில்லை. இப்போது பாட்டிலைக் கவுன்ட்டருக்கு அடியில் வைத்துக் குடிக்கிறேன். மாடியேறிப் போகிறேன். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பார்க்கட்டும்.

எங்கள் செக்ஷனில் ஒரு ஸ்டூல் உண்டு. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்களே, அப்போது வந்தது. கேரளத்தில் 2018-லேயே கொண்டுவந்துவிட்டார்கள். ஆறு பேருக்கு ஒரு ஸ்டூல், அதன் மேல் எப்போதும் பாவாடைத் துணிக் கட்டு. இன்று மதியம் கட்டை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். புடவை பார்க்க வந்த ஓர் அம்மாவைக் கண்டு பழக்கத்தில் எழப் போனேன். "உட்கார்ந்தே காட்டுங்கள், எனக்கும் கால் வலிதான்" என்றார். மூன்று சுங்குடி வாங்கினார்.

ஆகஸ்ட் 13, புதன்

இரவு பிடிக்கவில்லை. காலையில் கடை திறந்தபோது ஸ்டூல் மேல் இரண்டு கட்டுகள் இருந்தன. இரண்டையும் இறக்கி வைத்தேன்.