ஏ.ஏ. கூட்டம் தேடுகிறவர்கள் கிளம்பும் முன் ஒரு போன் போடுங்கள்

என் வீட்டுக்காரர் குடியை விட்டு ஒரு பொங்கல் தாண்டிவிட்டது. குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) கூட்டத்தில் அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க நான் பட்ட பாடு இன்னொரு வீட்டுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆஸ்பத்திரி. வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றலாம், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். ஏ.ஏ. கூட்டத்தில் டாக்டர் கிடையாது, மருந்தும் கிடையாது. அதனால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். சீட்டுப் போடும் இடத்தில் இருந்தவர், "என்னம்மா, குடி கேஸா?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கேட்டார். இவர் அப்படியே திரும்பி நடந்துவிட்டார். வாசல் வரை ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. வார்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, "மருந்து பாதிதாம்மா. ஏ.ஏ.வுக்குப் போகச் சொல்லுங்க" என்றார். எங்கே நடக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை.

அந்த இடைவெளியில்தான் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி ஒரு பொடி வந்தது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதபடி செய்யும் டைசல்ஃபிரம் போன்ற மருந்தாக இருந்து, அதன்மேல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். டாக்டர் தந்தாலும் அதைச் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்துதான் தரவேண்டும்.

அப்புறம் ஒரு தனியார் மறுவாழ்வு மையம். "அட்ரஸ் மட்டும் சொல்லுங்கம்மா, ராத்திரி வண்டி வரும், தூக்கிட்டு வந்துடுவோம். மூணு மாசம் யாரும் பார்க்கக் கூடாது" என்றார்கள். 2017 மனநலச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறீர்களா என்று கேட்டேன். லைனைத் துண்டித்துவிட்டார்கள். இந்த ஒரு கேள்வியை நீங்களும் கேளுங்கள். மத்திய அரசின் 14446 இலவச எண்ணில் பேசினால் ஆலோசனையும் சொல்வார்கள், மையங்களின் விவரமும் தருவார்கள்.

இணையத்தில் தேடியதில் ஏ.ஏ. கூட்டம் நடக்கும் பள்ளிக்கூட முகவரி கிடைத்தது. அவரைச் சம்மதிக்க வைத்து, இரண்டு பஸ் மாறிப் போனோம். பள்ளி இருட்டிக் கிடந்தது. ஏ.ஏ. என்றால் வாட்ச்மேனுக்குப் புரியவில்லை. "குடியை விட்டவங்க கூடுவாங்களே" என்றதும், "அவங்களா? சர்ச் ஹாலுக்கு மாறி ரொம்ப நாளாச்சே" என்றார். அங்கே போய்ச் சேர்வதற்குள் பூட்டிவிட்டார்கள். திரும்பும் வழியில் பஸ் டாஸ்மாக் இருக்கும் நிறுத்தத்தில் நின்றது. இவர் என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

அந்த முகவரிக்குக் கீழேயே ஒரு தொடர்பு எண் இருந்தது. மறுநாள் அதற்குப் போன் போட்டேன். எடுத்தவரிடம் நான் அழுதுகொண்டே சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "தங்கச்சி, போனை அவர்கிட்ட குடுங்க" என்றார். என்ன பேசினார்களோ, இவர் திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் "ஆமாண்ணே, ஆமாண்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த கூட்டத்தன்று அந்த அண்ணன் பைக்கோடு பஸ் ஸ்டாண்டில் நின்றார். நான் மாதக்கணக்கில் கெஞ்சி நடக்காதது அந்த ஒரு போனில் நடந்தது. ஆகவே இடம் மாறியிருக்கிறதா, தமிழில் நடக்கிறதா, குடும்பத்தாரும் வரலாமா, யாராவது வந்து கூட்டிப்போக முடியுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சர்ச் என்றதும் அத்தை, "வேதத்துல சேர்த்துருவாங்க" என்று ஒரே ரகளை. ஹாலை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய அமைப்பு இது. எந்த மதத்தையும் சேர்ந்ததில்லை. கடவுள் என்ற பேச்சு வரும், ஆனால் எந்தக் கடவுள் என்பது அவரவர் பாடு. கட்டணமும் இல்லை. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், முடிந்ததைப் போடலாம், போடாமலும் இருக்கலாம். குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், சேர்த்துக்கொள்வார்கள்.

குடிநோயாளிகள் மட்டும் கூடும் மூடிய கூட்டத்துக்கு என்னை விடவில்லை. முதலில் கோபம் வந்தது, பிறகு புரிந்தது. திறந்த கூட்டத்துக்குப் போனேன். புதிதாக வந்த ஒரு பையனுக்கு டீ டம்ளர் கையில் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே அதை வாங்கி, பாதியை இன்னொரு டம்ளரில் ஊற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். என் வீட்டுக்காரரின் கையும் அப்படித்தான் இருந்தது. அவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றபோது யாரும் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. அந்தச் சீட்டு வரிசையை நினைத்துக்கொண்டேன்.

குடும்பத்தாருக்கென்று அல்-அனான் தனியாக இருக்கிறது. 1951-லிருந்து நடக்கிறது. இதை எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லையே என்பதுதான் என் பெரிய ஆதங்கம். எங்கள் பக்கம் அது இல்லாததால் போன் வழியாக நடக்கும் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறேன். அவர் இன்னும் குடித்துக்கொண்டிருந்தாலும், ஏ.ஏ. பக்கமே வரமாட்டேன் என்றாலும் நீங்கள் அதில் சேரலாம்.