கயிறு இழுக்கும் ஸ்டார்ட்டர்: செய்முறைத் தேர்வில் கோட்டை விடும் இடங்கள்

புல்வெட்டியோ சின்ன ஜெனரேட்டரோ, மேசையில் எதை வைத்தாலும் முதலில் ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி ஒதுக்கிவிடுங்கள். கண்ணாடியும் கையுறையும் அதற்கும் முன்பு. இது எல்லாருக்கும் தெரியும். பதற்றத்தில் மறப்பவர்களும் நிறையப் பேர்.

அடுத்தது கோளாறைக் கண்டுபிடிப்பது. இங்கே அவசரப்பட்டு ஸ்டார்ட்டரைப் பிரித்துப் போடுகிறவர்கள்தான் நேரத்தைத் தொலைக்கிறார்கள். கயிறு அசையவே இல்லையென்றால் குற்றம் ஸ்டார்ட்டரில்தான் என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்டார்ட்டர் கவரை மட்டும் கழற்றுங்கள். ஹோண்டா ஜிஎக்ஸ்160 வகை இன்ஜினில் மூன்று போல்ட், 10 மி.மீ. சாக்கெட் போதும். புல்வெட்டிகளில் பெரும்பாலும் ஆலன் கீ அல்லது டி27 டார்க்ஸ் (நட்சத்திர முனை) பிட் வேண்டும். இப்போது பிளைவீலை, அதாவது இன்ஜின் தண்டில் மாட்டிய கனமான சக்கரத்தை, கையால் சுற்றுங்கள். அதுவும் நகரவில்லையென்றால் கோளாறு இன்ஜினுக்குள். பிளக்கைக் கழற்றி மறுபடி சுற்றிப் பார்த்து, சுற்றினால் சிலிண்டருக்குள் எண்ணெயோ பெட்ரோலோ தேங்கியிருக்கிறது என்று சொல்லலாம். ஜெனரேட்டரைச் சாய்த்து லாரியில் ஏற்றினால் இப்படி ஆவதுண்டு.

கயிறு வந்து திரும்பியும் இன்ஜின் சுற்றவில்லையா? கயிறு சுற்றியிருக்கும் ரீலில், இழுக்கும்போது வெளியே வந்து இன்ஜினைப் பிடித்துச் சுற்றும் ராட்செட் கொக்கிகள் வெளியே வரவில்லை. கொக்கியின் முனை தேய்ந்திருக்கும், அல்லது அழுக்கில் ஒட்டியிருக்கும். சிங்கப்பூரில் மழை விட்டதும் புல் வெட்டப் போகிறோம். ஈரப்புல்லின் சாறும் மண்ணும் காய்ந்து அங்கே கோந்து மாதிரி இறுகிவிடும். பிரஷ்ஷால் சுத்தம் செய்து உலர வையுங்கள். கொக்கிகளை வெளியே தள்ளுவது உராய்வு என்பதால் அந்த இடத்தில் எண்ணெய் விடக்கூடாது. விட்டால் கொக்கி சும்மா வழுக்கும். கிரீஸ் வேண்டியது ரீலின் நடுத்தண்டுக்கும் கயிற்றைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங்குக்கும்தான், அதுவும் ஒரு பூச்சு.

கயிறு வெளியே வந்து திரும்பாமல் தொங்கினால் ஸ்பிரிங் உடைந்திருக்கும், ஸ்பிரிங் முனையின் கொக்கி கழன்றிருக்கும், இல்லையென்றால் அதன் முறுக்கு போயிருக்கும். ரீலைச் சட்டென்று தூக்காதீர்கள். நடு ஸ்க்ரூவைக் கழற்றியதும் ரீலை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டி, ஸ்பிரிங் கூட்டிலேயே தங்கும்படி மெதுவாக எடுங்கள். துள்ளி வெளியே வந்தால் அந்தத் தகடு கத்திதான். உள்முனை உடைந்த ஸ்பிரிங்கை இடுக்கியால் வளைத்துப் புதுக் கொக்கி செய்ய வேண்டாம். விறைப்பேற்றிய எஃகு என்பதால் அதே இடத்தில் மறுபடி உடையும். புதிது போடுங்கள்.

கயிறு விஷயத்தில் பழைய கயிற்றின் தடிமனும் நீளமும்தான் அளவு. அறுந்த துண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். தடித்த கயிறோ நீளக் கயிறோ ரீலில் பொங்கி கவரில் உரசும். நைலான் முனையை லைட்டரால் உருக்கி முடிச்சுப் போடுங்கள். ஜாலான் புசார் பக்கம் வன்பொருள் கடையில் வாங்கப் போனால் பழைய துண்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது. கயிறு வெளியே வரும் வளையத்தையும் தடவிப் பாருங்கள். அதில் பள்ளம் விழுந்திருந்தால் புதுக் கயிறும் சீக்கிரமே நார்நாராகப் பிரியும். “ஏன் அறுந்தது?” என்று தேர்வாளர் கேட்டால் பல நேரம் பதில் அங்கேதான் இருக்கும்.

முறுக்கு ஏற்றுவதில்தான் பலர் தவறுகிறார்கள். கயிறு இல்லாமலே ரீலை, கயிறு இழுத்தால் எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கம், ஸ்பிரிங் முழுதாக இறுகும்வரை சுற்றுங்கள். பிறகு ஏறத்தாழ ஒரு சுற்று தளர்த்தி, ரீலின் துளையும் கவரின் வளையமும் நேர்க்கோட்டில் வந்ததும் ரீலை அசையாமல் பிடித்து, கயிற்றைக் கோத்து இரு முனையிலும் முடிச்சிடுங்கள். கைப்பிடியைப் பிடித்தபடியே மெல்ல உள்ளே விடுங்கள். சோதனை இரண்டு: கைப்பிடி தொங்காமல் கவரோடு ஒட்டி நிற்க வேண்டும், கயிற்றைக் கடைசிவரை இழுத்த நிலையிலும் ரீலைக் கையால் இன்னும் அரைச் சுற்றாவது சுற்ற முடிய வேண்டும். முதலாவது தவறினால் முறுக்கு குறைவு. இரண்டாவது தவறினால் முறுக்கு அதிகம், அந்த ஸ்பிரிங் பலமாக ஒருமுறை இழுத்தாலே உடையலாம். நடு ஸ்க்ரூவை மிதமாக முடுக்குங்கள். ரீல் தடையின்றிச் சுற்ற வேண்டும்.

கவரை மாட்டும்போது போல்ட்களை உடனே இறுக்காதீர்கள். தளர்வாக விட்டு, கொக்கிகள் பிடிக்கும்வரை கயிற்றை மெதுவாக இழுத்தால் கவர் தானாக நடுவுக்கு வந்து நிற்கும். அந்த நிலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டே மாற்றி மாற்றி இறுக்குங்கள். பிளக் தொப்பியை மாட்டி, அழுத்தம் தட்டுப்படும்வரை மெதுவாகவும் அதன் பின் வேகமாகவும் இழுத்து ஸ்டார்ட் செய்து காட்டுங்கள். கைப்பிடியை அப்படியே விட்டுவிடாமல் கையோடு கொண்டுபோய் வையுங்கள்.